குளிர் அறையில் இருபது நிமிடம்

கூடத்துக் கட்டிலில் கம்பளித் துணிகள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தன. நாலு ஸ்வெட்டர், மூன்று மங்கி கேப், ஒரு முரட்டுப் போர்வை, பத்ரிநாத் யாத்திரையில் வாங்கிய சால்வை, எதிர்வீட்டுக்காரர்கள் காஷ்மீர் போய் வாங்கிவந்து ஒருநாள்கூடப் போடாமல் கொடுத்த கோட்டு. எல்லாம் ஆனந்தவள்ளி ஒரு மாதமாக ஸ்ரீரங்கம் முழுக்கச் சொல்லி வைத்துச் சேர்த்தவை. அவருடைய மகன் அன்புச்செல்வன் ஜனவரி எட்டாம் தேதி பின்லாந்துக்குக் கிளம்புகிறான். ஊலு என்ற ஊரில் இரண்டு வருட வேலை.

கணவர் நல்லதம்பி, ஏற்கெனவே கம்பளி அடைத்த பெட்டியைத் தொங்கு தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்தார்.

“இருபத்தோரு கிலோ.”

“இருபத்து மூணு வரைக்கும் விடுவாங்கள்ல?”

“விடுவாங்க. மிச்ச ரெண்டு கிலோவுல குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, உன் புள்ளையோட பேன்ட் சட்டை எல்லாத்தையும் வச்சிரு.”

“குக்கரைக் கையில எடுத்துக்கட்டும்.”

“தலையில கவுத்துக்கச் சொல்லு. ஒரு மங்கி கேப்பு மிச்சமாகும்.”

போர்வையை மடித்துக்கொண்டிருந்த மருமகள் அனுசுயா சிரித்துவிட்டாள். ஆனால் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. அவளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. பின்லாந்தில் தங்க இருவருக்கும் அனுமதி வந்துவிட்டது. ஆனால் டிக்கெட் அன்புவுக்கு மட்டும்தான் போட்டிருந்தது.

“அனு மே மாசம் போகட்டும்” என்று முதலில் சொன்னது ஆனந்தவள்ளிதான். “மார்கழியில கோலம் போடப் போனாலே அஞ்சு தும்மல் தும்முறா. அங்க இருபது டிகிரியாம், அதுவும் பூஜ்யத்துக்குக் கீழ.”

அதைக் கேட்டு அனுசுயாவுக்கு வருத்தம் இல்லை. அத்தைக்குக் குளிர் என்றால் உண்மையிலேயே பயம். ஆனால் அன்பு, செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தி, “அம்மா சொல்றதும் சரிதான்” என்றான். அதுதான் முள்ளாக உள்ளே நின்றது. குளிருக்காகச் சொன்னானா, இல்லை, நாலு மாதம் அவள் இல்லாமல் இருப்பது அவனுக்கு அவ்வளவு சுலபமா? அவன் நல்லவன். பூக்கடையில் நின்று முழம் போட்டு வாங்கி வருபவன். ஆனால் மனசில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியாதவன். ஆறு மாதத்தில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

“நான் தாங்குவேன் அத்தை” என்றாள் அனுசுயா.

“எப்படித் தெரியும்?”

“காட்டினா ஒத்துக்குவீங்களா?”

“இந்த ஊர்ல எங்க போய்க் காட்டுவ? ஃபிரிட்ஜுக்குள்ள ஏறி உக்காருவியா?”

ஆனந்தவள்ளி கிண்டலாகத்தான் கேட்டார். அனுசுயாவை அந்தக் கேள்வி வேறு எங்கோ கொண்டுபோய் விட்டது. கல்லூரித் தோழி ஆஷ்லி, லால்குடி ரோட்டில் வாளாடிக்குப் பக்கத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருக்கிறாள். ஐஸ்கிரீமும் பச்சைப் பட்டாணியும் அடுக்கி வைக்கிற அறை. மைனஸ் பதினெட்டு டிகிரி.

“என் ஃபிரெண்டு வேலை பாக்குற ஐஸ்கிரீம் கிடங்குல இருபது நிமிஷம் நிக்கிறேன் அத்தை. பஸ்ஸுக்கு நின்னா அவ்வளவு நேரம்தானே நிக்கணும்? அது முடிஞ்சா என்னையும் ஜனவரியிலயே அனுப்பணும்.”

ஆனந்தவள்ளி மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். “இருந்துட்டு வா, பாக்கலாம். நானே ரெண்டாவது டிக்கெட்டைப் போடச் சொல்றேன்.”

அன்பு மறுபடி செல்போனுக்குள் குனிந்துகொண்டான்.

புதன்கிழமை அனுசுயா, தான் இயற்பியல் நடத்தும் பள்ளிக்கு லீவு போட்டாள். பருத்தி பனியன், அதன்மேல் பருத்திச் சுடிதார், அதன்மேல் அன்புவின் சட்டை, இரண்டு ஸ்வெட்டர், சால்வை, எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் காஷ்மீர்க் கோட்டு. காலுக்கு இரண்டு பேன்ட், மூன்று ஜோடி சாக்ஸ். கிடங்கில் உடை மாற்ற இடம் இருக்குமோ இருக்காதோ என்று வீட்டிலேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

மணி பதினொன்றரை. கொள்ளிடம் பாலத்தில் வெயில் பளீரென்று அடித்தது. டோல்கேட்டில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட, பத்து நிமிடம் நகர முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஆட்டோவிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, “ஏம்மா, காய்ச்சலா?” என்று கேட்டார். கோட்டுக்குள் முதுகில் வியர்வை கோடாக இறங்கி இடுப்பில் தேங்கியது. ‘நல்லதுதான், உடம்பு சூடாகத்தானே இருக்கு’ என்று நினைத்துக்கொண்டாள்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வெப்பப் பாடம் நடத்துகிறவள் அப்படி நினைத்தாள் என்பதைப் பிற்பாடு அவளே யாரிடமும் சொல்லவில்லை.

கிடங்கு வாசலில் நின்ற ஆஷ்லி வாயைப் பொத்திக்கொண்டாள். “அடியே, என்னடி இது? கல்யாணப் பந்தல்ல துணி சுத்துன தூண் மாதிரி வந்திருக்க!”

“சிரிக்காதடி. கதவைத் திற.”

உள்ளே போன முதல் நிமிடம் சொர்க்கமாக இருந்தது. இரண்டாவது நிமிடம் முதுகில் யாரோ ஈரக் கையை வைத்தது போலிருந்தது. மேலே நாலு பெரிய விசிறிகள் காற்றை வீசி வீசி அடித்தன. நாலாவது நிமிடம் அந்தக் கை முதுகு முழுக்கப் பரவியது. பற்கள் தாமாகவே அடித்துக்கொண்டன. ஏழாவது நிமிடம் ஆஷ்லி கதவைத் திறந்து, கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டாள்.

“உதடு நீலமாயிருச்சு. போதும்.”

அனுசுயா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து டீயைப் பிடித்தாள். டம்ளர் ஆடியது. அப்போதுதான் அந்த அறையிலிருந்து இன்னொரு பெண் சாவகாசமாக வெளியே வந்தாள். மாரியாயி, அங்கே பெட்டி அடுக்குகிறவள். முப்பது வயதிருக்கும். அனுசுயா உள்ளே போவதற்கு முன்பிருந்தே, முக்கால் மணி நேரமாக உள்ளே இருந்தவள். மேல்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். உள்ளே ஒரு பழைய ஸ்வெட்டர். அதையும் கழற்றினாள். அதற்குள் உடம்பை ஒட்டி முழுக்கை வைத்த, பளபளப்பான கபடி ஜெர்சி. முதுகில் ஏழாம் நம்பர். அவ்வளவுதான். மூன்றே துணி.

“அக்கா, இது மட்டுமா போட்டிருந்தீங்க?”

“ஆமா. இன்னும் என்ன போடுவாங்க?”

“குளிரலையா?”

“வேலை செஞ்சா எங்கேருந்து குளிரும்? வேர்க்கிற மாதிரி தெரிஞ்சா ஜிப்பைக் கொஞ்சம் தொறந்து விட்டுருவேன். நீ என்னம்மா, பீரோவையே மாட்டிக்கிட்டு வந்து நடுங்குற!”

“ஜெர்சி எதுக்கு? பனியன் போட மாட்டீங்களா?”

மாரியாயி யோசித்தாள். இதுவரை யாரும் அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. “இது எங்க வீட்டுக்காரர் டீமு ஜெர்சி. நைட்டு அலசிப் போட்டா காலையில காஞ்சிரும். பனியன் மழைக்காலத்துல காயவே காயாது. அதான். வேற ஒண்ணும் இல்ல.”

அனுசுயா தன் பனியனைத் தொட்டுப் பார்த்தாள். பிழியலாம் போலிருந்தது.

அன்றிரவு வீட்டில் ஆனந்தவள்ளி ஜெயித்துவிட்ட மாதிரி முகத்தைக் காட்டவில்லை. ரசத்தில் மிளகைக் கூட்டிப் போட்டுக் கொடுத்தார். “மே மாசமே போலாம்மா. நாலு மாசம்தானே?” அன்பு மாடிப்படியில் உட்கார்ந்து, “ரொம்ப நடுங்கிட்டியா?” என்று மட்டும் கேட்டான். அவன் முகத்தில் இருந்தது கவலையா, நிம்மதியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ஆனால் அந்த ஏழு நிமிடம் அவளை விடவில்லை. ஏழு துணி போட்டவள் ஏழு நிமிடம். மூன்று துணி போட்டவள் முக்கால் மணி நேரம். இது எப்படி?

மறுநாள் சாயங்காலம் அவள் அன்புவின் பருத்தி பனியன் ஒன்றையும், அவன் கிரிக்கெட் ஆடப் போடுகிற ஜெர்சியையும் எடுத்துத் தண்ணீரில் முக்கி, ஒரே மாதிரி பிழிந்து, சமையலறைத் தராசில் நிறுத்தாள். பிறகு இரண்டையும் மாடி அறையில் மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டித் தொங்கவிட்டாள். அரை மணிக்கு ஒருமுறை எடுத்து நிறுத்தாள். ஒன்றரை மணி நேரத்தில் ஜெர்சி காய்ந்துவிட்டது. பனியன் இன்னும் சொட்டாத குறைதான்.

“என்ன பண்ற?” என்று வந்து நின்றான் அன்பு.

“கையை நீட்டுங்க.”

ஈரப் பனியனை அவன் கையில் சுற்றி விசிறிக்குக் கீழே நிறுத்தினாள்.

“ஐயோ, சில்லுனு இருக்கு!”

“இருக்கும்ல? சித்திரையில பானைக்கு ஏன் ஈரத்துணி சுத்துறோம்? தண்ணி சில்லுனு ஆகணும்னுதானே? நான் புதன்கிழமை என்னையே பானையாக்கிக்கிட்டுப் போய் நின்னிருக்கேங்க.”

அவன் சிரித்தான். ஆனால் நகரவில்லை. “அப்போ பருத்தி கூடாதுங்கிறியா? நம்ம ஊர்ல பருத்தியைத்தானே நல்லதுன்னு சொல்லுவாங்க?”

“நம்ம ஊருக்கு நல்லது. வேர்வையைக் குடிச்சு வச்சுக்கிட்டு உடம்பைக் குளிர வைக்கும். அதே நல்ல குணம்தான் அங்க ஆகாது.”

அடுத்து காபி. இரண்டு டம்ளரில் ஒரே சூட்டில் ஊற்றினாள். ஒன்றைத் தடித்த டர்க்கி டவலால் இறுக்கிச் சுற்றினாள். இன்னொன்றுக்கு ஒரு கம்பளி சாக்ஸைத் தளர்வாக மாட்டி, அதற்கு மேலே காற்றுப் புகாமல் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டாள். இரண்டு டம்ளர் வாயையும் மூடி, விசிறியை ஐந்தில் வைத்து, இருபது நிமிடம் கழித்து அவனிடம் கொடுத்தாள்.

“கண்ணை மூடிக்கிட்டு ரெண்டையும் குடிங்க. எது சூடு?”

“சாக்ஸ் வாடை வருது.”

“துவைச்ச சாக்ஸ்தான். சொல்லுங்க.”

“இதுதான் சூடு. வாடை வர்றது.” கண்ணைத் திறந்து பார்த்தவன் ஆச்சரியப்பட்டான். “டவல்தானே கனமா இருந்துச்சு?”

“கனம் இல்லீங்க விஷயம். உள்ள காத்து அசையாம நிக்கணும், வெளிக்காத்து உள்ள வரக்கூடாது. உடம்பை ஒட்டி ஈரம் நிக்காத துணி ஒண்ணு, நடுவுல கம்பளி ஒண்ணு, வெளியில காத்துக்குத் தடுப்பு ஒண்ணு. மூணு போதும். மாரியாயி அக்கா ஒண்ணும் படிக்காமலே சரியாத்தான் போட்டிருக்காங்க.”

அவன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே, “உனக்கு அவ்வளவு வரணும்னு இருக்கா?” என்று கேட்டான்.

“உங்களுக்கு நான் வரணும்னு இருக்கா?”

கீழே ஆனந்தவள்ளி கூப்பிட்டார். அவன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

“ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை அத்தை” என்றாள் அவள் அன்றிரவு சாப்பாட்டில்.

“விட மாட்டியே நீ! சரி, இந்தத் தடவை நானும் வரேன். அந்த அறை எப்படித்தான் இருக்குன்னு எனக்கும் பாக்கணும்.”

“நானும் உள்ள நிக்கிறேன்” என்றான் அன்பு திடீரென்று. “என் ஜாக்கெட்டையும் சோதிச்ச மாதிரி இருக்கும்.” பின்லாந்துக்கென்றே இணையத்தில் வரவழைத்த தடித்த ஜாக்கெட் அது. இன்னும் பிரிக்காத உறையில் இருந்தது.

அனுசுயா என்.எஸ்.பி. ரோட்டில் அலைந்து, உடம்போடு ஒட்டுகிற விளையாட்டுச் சட்டையும் பேன்ட்டும் காலுறையும் வாங்கினாள். நடுவே போட, கட்டிலில் கிடந்த குவியலில் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். தடித்தவை எல்லாம் சாக்குப்பை மாதிரி இருந்தன. அடியில் ஆனந்தவள்ளியின் சொந்த ஸ்வெட்டர் கிடந்தது. மெல்லிசான, அசல் ஆட்டுமயிர்.

“அது எதுக்கு? அது சும்மா பேருக்கு.”

“எனக்கு இதுதான் வேணும் அத்தை.”

ஆனந்தவள்ளிக்கு அது பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. வெளியே போட, மழைக்கு ஸ்கூட்டரில் வைத்திருக்கும் காற்றுப் புகாத மேல்கோட்டு. மூன்றும் சேர்ந்து ஒரு துணிப்பையில் அடங்கின.

ஞாயிற்றுக்கிழமை காரில் போய் இறங்கியபோது மணி ஒன்று பத்து. ஆனந்தவள்ளி வாசலிலேயே நின்றார்.

“ஒன்றரை வரைக்கும் எமகண்டம். அதுக்கு முன்னாடி உள்ள காலை வைக்கக் கூடாது.”

“ஆன்ட்டி, அது ஐஸ்கிரீம் ரூம்” என்றாள் ஆஷ்லி.

“எந்த ரூமா இருந்தா என்னம்மா? மைனஸ்ல போறதுக்கு எமகண்டத்துலயா போவாங்க?”

அன்பு காரிலிருந்து இறங்கும்போதே ஜாக்கெட்டை மாட்டிக் கழுத்துவரை ஜிப்பை இழுத்திருந்தான். உள்ளே சட்டை. அதற்குள், எப்போதும் போல, பனியன்.

“பனியனைக் கழட்டிட்டு வரச் சொன்னேனே?”

“பனியன் இல்லாம சட்டை போட்டுப் பழக்கமே இல்ல அனு. ஒரு மாதிரி இருக்கும்.”

“ஜிப்பையாவது திறந்து விடுங்க. வேர்க்கும்.”

“பரவாயில்ல.”

சிமென்ட் முற்றத்தில் வெயில் தகித்தது. இருபது நிமிடம் அவன் அப்படியே நின்றான். நெற்றியில் பொடிப்பொடியாக வேர்த்தது. அனுசுயா ஆஷ்லியின் அறையில் மின்விசிறிக்குக் கீழே சாதாரணச் சுடிதாரில் உட்கார்ந்திருந்தாள். ஒன்று இருபத்தெட்டுக்கு எழுந்து உடை மாற்றினாள். கடைசியாகத் தலையில் அத்தையின் மங்கி கேப், கையில் உறை.

“ஆளு பாதியாயிட்டடி” என்றாள் ஆஷ்லி. “இருபது நிமிஷத்துக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. முடியலைன்னா கதவு உள்ளேருந்தே திறக்கும். சரியா?”

இருவரும் உள்ளே போனார்கள். அனுசுயா அட்டைப்பெட்டி வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்தாள். குளிர் முகத்தில் மட்டும்தான் இருந்தது. கழுத்துக்குக் கீழே அவளுடைய சொந்தச் சூடு அவளைச் சுற்றி அசையாமல் நின்றது. விசிறிக் காற்று மேல்கோட்டில் படபடத்து அதோடு நின்றது. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் குமிழிட்டது. ‘சரியாத்தான் இருக்கு. நான் நினைச்சது சரி!’

திரும்பிப் பார்த்தாள். அன்பு ஒரு கம்பத்தின் ஓரம் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றிருந்தான். தாடை நடுங்கியது.

“நடங்க” என்றாள்.

“நடந்தா முதுகுல... சில்லுனு ஒட்டுது.”

“வெளிய போயிருங்க. என் கூட நிக்கணும்னு இல்ல.”

“நீ?”

“எனக்கு ஒண்ணும் இல்ல. போங்க, சொல்றேன்ல.”

அவன் இன்னும் கொஞ்சம் நின்றான். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு போனான்.

தனியாக நின்றபோது ஒரு சிக்கல் தெரிந்தது. நேரம் தெரியவில்லை. செல்போனை ஆஷ்லி வாங்கி வைத்துக்கொண்டாள். கைக்கடிகாரம் உறைக்குள், அதற்கு மேலே மூன்று துணிக்குள். எவ்வளவு ஆயிற்று? எட்டா, பத்தா? மூக்குநுனி மரத்தது. தும்மல் வரும் போலிருந்தது. தும்மினால் அத்தை பார்த்துவிடுவாரோ?

கதவில் ஒரு முழ அகலத்துக்குக் கண்ணாடி இருந்தது. அதில் அன்புவின் முகம் தெரிந்தது. தோளில் ஆஷ்லியின் துப்பட்டாவைப் போர்த்தியிருந்தான். அவள் மணிக்கட்டைத் தட்டிக் காட்டி, கையை விரித்துக் கேட்டாள். அவனுக்குப் புரிந்தது. கண்ணாடியில் இரண்டு கைகளையும் வைத்து ஒரு கட்டைவிரலை மடக்கினான். ஒன்பது.

அவள் ஒரு சுற்று நடந்து வந்தாள். பத்து விரலும் விரிந்திருந்தன.

அடுத்த சுற்று வந்தபோது அவன் குழம்பிப்போய்த் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் திரும்பி ஏதோ சொன்னான். கண்ணாடியின் ஓரத்தில் மஞ்சள் பூசிய ஒரு விரல் தயங்கித் தயங்கி வந்து நின்றது. பதினொன்று.

அனுசுயா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு சிரித்தாள். மூச்சு புகையாகப் போனது.

பன்னிரண்டு. பதிமூன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அத்தையின் விரல் ஒன்று கூடியது. பதினேழில் கால்விரல்கள் வலிக்க ஆரம்பித்தன. குதித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆனந்தவள்ளியின் தலை மேலும் கீழுமாகப் போனது. அவரும் குதிக்கிறார் போலும். பத்தொன்பதில் தும்மல் வந்தே விட்டது. ஒன்றல்ல, மூன்று. பயத்தோடு கண்ணாடியைப் பார்த்தாள். விரல்கள் இறங்கவில்லை. இன்னொன்று விரிந்தது.

கண்ணாடி முழுக்க நாலு கை.

கதவு திறந்ததும் ஆனந்தவள்ளி முதலில் செய்தது, மருமகளின் கையுறையை உருவி உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தது. “சூடா இருக்குடா அன்பு! என் கையை விடச் சூடா இருக்கு!” பிறகு அவளுடைய முதுகில், ஸ்வெட்டருக்குள் கையை விட்டுத் தடவினார். “சொட்டு ஈரம் இல்ல. இந்த மெல்லிசு ஸ்வெட்டரா?”

“மூணும் சேர்ந்து அத்தை.”

“குடு அதை. நானும் உள்ள போய்ட்டு வரேன்.”

“ஆன்ட்டி!” என்றாள் ஆஷ்லி.

“ரெண்டே நிமிஷம்மா. ரெண்டு வருஷம் என் புள்ளைங்க எந்தக் குளிர்ல இருக்கப் போறாங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா?”

புள்ளைங்க என்று பன்மையில் சொன்னதை அவர் கவனித்தாரோ இல்லையோ, அனுசுயா கவனித்தாள். சேலைக்கு மேலே ஸ்வெட்டரும் மேல்கோட்டும் மங்கி கேப்புமாக ஆனந்தவள்ளி ஆஷ்லியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

வெளியே இருவர் மட்டும். அன்பு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். இன்னும் லேசாக ஆடியது.

“நான் ஒண்ணு சொல்லவா?” என்றான்.

“சொல்லுங்க.”

“எனக்குக் குளிர் ஆகவே ஆகாது அனு. காலேஜ்ல ஊட்டி டூர் போனப்போ ரெண்டு நாளும் ரூமை விட்டு வெளிய வரல. பசங்க ஒரு வருஷம் ஓட்டினாங்க. அங்க போய் எப்படி நிக்கப் போறேன்னு தினமும் நினைப்பேன். முதல் நாலு மாசம் நான் படுற பாட்டை நீ பாக்க வேணாம், பழகினதுக்கு அப்புறம் உன்னைக் கூப்பிட்டுக்கலாம்னு...” டீயைப் பார்த்துக்கொண்டே முடித்தான். “நீ வரக்கூடாதுன்னு இல்ல.”

அவள் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தது இவ்வளவு சின்ன விஷயமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

“இப்போ நான் பாத்துட்டேனே. என்ன ஆயிருச்சு?”

“ஒண்ணும் ஆகல” என்று ஒத்துக்கொண்டான்.

“முதல்ல அந்த ஈரப் பனியனைக் கழட்டுங்க.”

“இங்கயா?”

“ஆஷ்லி ரூம்ல. என் பையில உங்க அளவுக்கும் ஒரு சட்டை வாங்கி வச்சிருக்கேன்.”

கதவு திறந்து ஆனந்தவள்ளி வந்தார். கண்கள் பெரிதாக விரிந்திருந்தன. “மூக்குக்குள்ள முடியெல்லாம் முள்ளு மாதிரி நிக்குதுடி! பேசினா புகை வருது! அங்க தினமும் இப்படியா?” பயத்தைவிட வியப்புதான் அதிகமாக இருந்தது. செல்போனைத் தேடி எடுத்துக் கணவருக்குப் போட்டார். “என்னங்க, ரெண்டாவது டிக்கெட்டையும் போட்ருங்க. ஆமா, எட்டாம் தேதிதான். அப்புறம் அந்தப் பெட்டியைப் பிரிங்க. பிரிங்கன்னா பிரிங்க! ஆளுக்கு மூணு துணி போதுமாம். குக்கர் வைக்கலாம். மிக்ஸிகூட வைக்கலாம்.”

ஏழாம் தேதி இரவு நல்லதம்பி இரண்டு பெட்டிகளையும் தராசில் மாட்டினார். கம்பளிக் குவியலை வெளியே எடுத்தாயிற்று. குக்கர், புளிக்காய்ச்சல், இரண்டு மாதத்துக்கான பொடிகள், அனுசுயாவின் புத்தகங்கள் நாலு. எல்லாம் போட்டும் இரண்டாவது பெட்டியில் மூன்று கிலோ இடம் இருந்தது.

“இன்னும் என்ன வைக்கலாம்?” என்றார்.

அன்பு அலமாரியிலிருந்து ஒரு பனியனை எடுத்துக்கொண்டு வந்தான். அனுசுயா அவனைப் பார்த்தாள்.

“ஒண்ணே ஒண்ணு” என்றான். “ரூம்ல ஹீட்டர் இருக்கும்ல? தூங்கும்போது போட்டுக்கிறேன்.”

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, வாங்கி மடித்து வைத்தாள்.